நின்றால் போகிற வலி

இந்தக் காலத்தில் ஒருத்தனிடம் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்ன வாயை மூடுவதற்குள் எதிராளி செல்போனை எடுத்துவிடுகிறான். காலை ஒருத்தனும் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறான். வெந்தயத்தை ஊறப் போடு என்கிறான் ஒருவன். முடக்கத்தானை அரைத்துக் கட்டு என்கிறான் அடுத்தவன். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் முதல் பேங்கில் ரூபாய் எண்ணுகிறவன் வரை எல்லாரும் வைத்தியன். திருப்பூரில் இருக்கும் என் மகன் மகாராஜன், "அப்பா, கால் எப்படி இருக்கு" என்று கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு வீடியோ அனுப்புதேன், பாருங்க" என்று வைத்துவிடுவான். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். எனக்கு அவன் பேச்சும் பிடிக்கவில்லை, மூஞ்சியும் பிடிக்கவில்லை.

நான் வீரபாண்டி. கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி ஒன்றரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். வயது அறுபத்தொன்பது. படிப்பு ஐந்தாவது. பீடி பதினைந்து வயதிலிருந்து. சர்க்கரை ஒன்பது வருஷமாக இருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஞாபகம் வந்தால் போடுவேன்.

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் சனம் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். அம்பாள் ஒற்றைக்காலில் நின்று தபசு இருக்கிறாள், நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. நானும் இருபத்திரண்டு வருஷமாக நூற்றியொரு சுற்று போகிறேன். என் கூட என் வீட்டுக்காரி தங்கத்தாயும் வருவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாற்பதாவது சுற்றோ என்னவோ, வலது கெண்டைக்கால் சதையை யாரோ கையால் பிடித்துப் பிழிந்தமாதிரி ஒரு வலி. ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. நின்றேன். சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். ஒன்று, இரண்டு நிமிஷம் இருக்கும். வலி போய்விட்டது. மறுபடி நடந்தேன். இன்னொரு சுற்று முடிந்ததும் அதே பிடி. நின்று கும்பிட்டேன், போய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷமாகச் சுற்றியதற்கு அம்பாள் தன் வலியை எனக்குத் தந்துவிட்டாள் என்று எண்ணினேன். எல்லாரிடமும் சொன்னேன். கூட்டத்தில் எனக்கு வழிவிட்டார்கள். பனவடலிசத்திரத்து அம்மா ஒருத்தி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது.

தங்கத்தாய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்பாளுக்கு வலிக்கது பத்து நாளு. உங்களுக்கு வருசம் பூரா வலிக்கே, அது யாரு வலி?" என்றாள்.

"உனக்கு என்னட்டி தெரியும்?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வயக்காட்டுக்குப் போகையில மூணு எடத்துல நின்னு நின்னு போறீங்க. அங்கன எந்தச் சாமி நிக்கி?"

வருஷத்துக்கு வருஷம் அந்தத் தூரம் குறைந்துகொண்டே வந்தது. காலில் முடி உதிர்ந்து, முழங்காலுக்குக் கீழே தோல் மெழுகு பூசினமாதிரி பளபளத்தது. அதையும் நான் அருள் என்றே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உறுதியாகிவிட்டது.

இந்த ஆடியில் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் முடியவில்லை. திரும்பி வந்த நாலாம் நாள் வரப்பில் கருவேல முள் ஒன்று வலது கால் பெருவிரலில் குத்தியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். மனுஷனுக்கு எத்தனை முள் குத்தியிருக்கும். ஆனால் இது ஆறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். விரல் சிவந்து, ஊதா நிறமாகி, நுனியில் கறுத்தது. படுத்தால் விரலும் பாதமும் தீயில் கிடப்பது போல எரியும். எழுந்து கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் கொஞ்சம் அடங்கும். அதனால் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். தூக்கம் என்று அதைச் சொல்லக் கூடாது. தலை சரிந்து விழும், விழித்துக்கொள்வேன்.

தங்கத்தாய் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பானைத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கே" என்றாள். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"சூடு பத்தலட்டி, இன்னும் வறு" என்றேன். எனக்குச் சூடே தெரியவில்லை. அவள் கை பொறுக்காமல் கையை உதறி உதறி ஒற்றினாள். நான் இன்னும் இன்னும் என்றேன். மறுநாள் காலையில் புறங்காலில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்பளித்து வழன்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு, "கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் டாக்டர் மீனலோசினியிடம் போனோம். சின்ன வயது. அவள் அப்பா விஸ்வநாதனை எனக்குத் தெரியும், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மகள் எப்படி இருப்பாளோ என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவள் போனையும் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை. கீழே ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஒரு நல்ல விரலை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. "பாருங்க, ரெண்டு செகண்டுல செவப்பு திரும்பணும்" என்றாள். நான் மனசுக்குள் பதினைந்து வரை எண்ணினேன். திரும்பவில்லை.

"எவ்வளவு தூரம் நடந்தா கால் பிடிக்குது, ஐயா?"

"நான் தூரம் அளந்து நடக்கதில்ல."

தங்கத்தாய் குறுக்கே வந்தாள். "கோயிலச் சுத்துதப்போ மொத வருசம் ஒரு சுத்து முழுசாப் போனாவ. போன வருசம் பாதி. இந்த வருசம் ஒரு பக்கம் தாண்டுததுக்குள்ள நின்னுட்டாவ."

"நின்னா சரியாயிருமா?"

"நின்னு கும்பிட்டா சரியாயிரும்" என்றேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அர்ஷத்தைக் கூப்பிட்டாள்.

முகம்மது அர்ஷத் அங்கே மிஷின் பார்க்கிறவர். தாடியில் நரை விழுந்த ஆள். ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து பேனா மாதிரி ஒன்று. "அண்ணாச்சி, மொதல்ல கையக் குடுங்க" என்று முழங்கை மடிப்பில் பசை தடவிப் பேனாவை வைத்தார். விஷ், விஷ் என்று சத்தம் வந்தது, பயிருக்குக் கைப்பம்பால் மருந்து அடிக்கிற மாதிரி.

"இது உங்க ரத்தம் ஓடுத சத்தம்" என்றார். பிறகு பாதத்தில் வைத்தார். கொர்ர் என்று ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சல். விரலுக்கிடையில், கணுக்காலுக்குப் பின்னால் என்று நகர்த்தி நகர்த்தித் தேடினார். இரைச்சல்தான்.

"மிஷின் கெட்டுப்போச்சு வே" என்றேன்.

அர்ஷத் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றித் தன் பாதத்தில் வைத்தார். விஷ், விஷ். "அண்ணாச்சிக்கு இன்னும் சந்தேகம். மதினி, நீங்க காலைக் காட்டுங்க" என்றார். தங்கத்தாய் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை நீட்டினாள். அவள் காலிலும் அடித்தது.

"ஏ யம்மா, எங் காலுக்குள்ள இம்புட்டுச் சத்தமா" என்று சிரித்தாள். சிரித்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ எனக்கு வையும்" என்றேன். வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் உடம்பில் ஒரு இடம் எனக்குத் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த இரைச்சல் சொல்லிற்று. அப்போது வந்த பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆனால் பயத்தை வெளியே காட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. "இதுக்கு என்னங்குதிய?" என்று அதட்டலாகத்தான் கேட்டேன்.

கணுக்காலில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். கையில் இருக்கிற அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட காலில் இல்லையாம்.

"சதை வேலை செய்யும்போது அதுக்கு ரத்தம் அதிகமா வேணும், ஐயா" என்றாள் டாக்டர். "உங்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கிப்போச்சு. நிக்கும்போது வர்ற ரத்தம் போதும், நடந்தா போதாது. அதான் பிடிக்குது. இப்போ படுத்திருந்தாலே போதல. தொங்கப்போட்டா கீழ எறங்குது, அதான் அப்போ மட்டும் சுகமா இருக்கு. கடைமடைக்குத் தண்ணி வராத மாதிரி."

இவள் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அறியாதவள். "கடைமடைக்குத் தண்ணி வரலன்னா மேல எவனோ அடச்சிருக்கான்னு அர்த்தம். யாரு அடச்சா?" என்றேன்.

"நீங்கதான். பீடி. சர்க்கரை. பிரஷரும் கூடத்தான் இருக்கு. ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு இன்னும் பார்க்கல. வயசும் சேர்ந்துக்கிச்சு. சர்க்கரையால கால்ல உணர்ச்சியும் போயிருச்சு, உப்புச் சூடு அதனாலதான் தெரியல."

"எங்க தெருவுல சுடலமணின்னு ஒருத்தன் இருக்கான். எம்பது வயசு. நாளைக்கு ரெண்டு கட்டுப் பீடி. குருவிகுளத்துக்கு நடந்தே போயிட்டு வாரான். அவனுக்கு ஏன் அடைக்கல?"

"அவரை எங்கிட்ட கூட்டிட்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஐயா, பெருவிரல் போயிருச்சு. அதைக் காப்பாத்த முடியாது. இன்னிக்கே திருநெல்வேலி போய் பலூன் வச்சுக் குழாயைத் திறந்தா பாதம் நிக்கும். ஒரு வாரம் தள்ளினா முழங்காலுக்குக் கீழ எடுக்கிறமாதிரி ஆயிரும்."



"வெட்டுததுக்குத்தான் படிச்சிருக்கிய. இது அம்பாள் குடுத்த வலி. அவதான் எடுக்கணும்" என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரலாக இருந்தது.

டாக்டர் கேலி பண்ணவில்லை. "எங்க அம்மாவும் ஆடிச்சுற்று போறவங்கதான். ஆனா உங்களுக்கு எங்க நின்னாலும் வலி போகும், ஐயா. கோயில்ல நிக்கணும்னு இல்ல."

நான் எழுந்துவிட்டேன். கட்டுப் போட்ட காலோடு கதவைத் திறந்து வெளியே வந்து ரோட்டில் இறங்கினேன். தங்கத்தாய் பின்னால் ஓடி வந்தாள். எங்கே என்று கேட்டாள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அம்பாள் தந்த வலி என்றால் அவளைக் கும்பிடாமல் அது போகக் கூடாது. போகவில்லை என்றால் இந்தப் பிள்ளை சொல்வது பொய். விரலும் இருக்கும், காலும் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் விரலில் ஆணி அடித்தது. அதைப் பொறுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்காகக் காத்திருந்தேன். முப்பது அடி இருக்கும். பிடித்தது. நின்றேன். நின்ற இடம் ஒரு கோழிக்கடைக்கு அடுத்த சந்து. சுவரில் இங்கே சிறுநீர் கழிக்காதே என்று எழுதி, அதன் மேலேயே கழித்து வைத்திருந்தார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கையைக் கூப்பவில்லை. அம்பாள் பெயரை நினைக்கவில்லை. கூண்டுக்குள் இருந்த கோழிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, மெதுவாக எண்ணினேன்.

ஜென்மத்தில் முதல் தடவையாக, ஒரு வலி போகக் கூடாது என்று ஆசைப்பட்டேன். இரு, இரு, அங்கேயே இரு என்று அதைக் கெஞ்சினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சதையை இன்னும் இறுக்கிப் பார்த்தேன். பதினாறாவது கோழியை எண்ணும்போது பிடி தளர்ந்தது. இருபத்திநாலில் வலி இல்லை. சுத்தமாக இல்லை. மூத்திர நாற்றத்தில், சாமிக்கு முதுகைக் காட்டி நின்ற இடத்தில், அதே இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது.

தங்கத்தாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டா?" என்றாள்.

"போகல" என்றேன்.

"பொய் சொல்லுதீங்க."

"போகலன்னு சொல்லுதேம்லா."

அவள் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. நாலு பேர் நின்று பார்த்தார்கள். "அந்த உப்ப வறுத்தது நானு" என்றாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "எங் கையி சுட்டது. எங் கையி சுடுததே, இவியளுக்குச் சுடலியேன்னு ஒரு நிமிசம் யோசிக்கல. அந்தக் கால வெட்டிட்டாங்கன்னா, நாளைக்கு ஊர்ல எல்லாவளும் நாந்தான் அவிச்சேன்னு சொல்லுவா. சொல்லட்டும். ராத்திரி பூரா நீங்க உக்காந்துக்கிட்டே கெடக்கத நாந்தான பாக்கேன். என்னால இனிப் பாக்க முடியாது. நீங்க அந்த டாக்டர நம்ப வேண்டாம். எனக்காண்டி வாங்க."

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் எனக்காண்டி என்று ஒன்றும் கேட்டதில்லை. நான் கையைக் கொடுத்துத் தூக்கினேன். யார் யாரைத் தூக்கினோம் என்று தெரியவில்லை. அர்ஷத் பின்னாலேயே வந்து ஒரு காரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். ஏறினேன். நம்பி ஏறவில்லை.

திருநெல்வேலியில் தொடை இடுக்கில் ஊசியால் குத்தி உள்ளே கம்பியை விட்டார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் ஒரு திரை. அதில் என் கால் என்று ஒன்றைக் காட்டினார்கள். கறுப்புக் கோடு ஒன்று முழங்கால் வரை வந்து வெட்டினமாதிரி நின்றது. அப்புறம் என்னவோ செய்தார்கள், உள்ளே யாரோ இழுத்துப் பிரிக்கிறமாதிரி ஒரு வேதனை. திரும்பக் காட்டினபோது கோடு நூல் நூலாகக் கீழே இறங்கி ஓடியது. படம்தானே. யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுகிறார்கள் என்று படுத்துக் கிடக்கிறவனுக்கு என்ன தெரியும்.

மூன்றாம் நாள் விரலை எடுத்தார்கள். பெருவிரலும் பக்கத்து விரலும். பாதம் இருந்தது. தங்கத்தாய் என் காலடியில் உட்கார்ந்து கட்டுக்கு மேலே தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் வைத்தபடியே இருந்தாள். "வெதுவெதுன்னு இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். அன்றைக்கு நான் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அங்கே இருந்த பெரிய டாக்டர் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். தாளில் கால் படம் போட்டிருந்தது. பீடியைத் தொடக் கூடாது, தொட்டால் திறந்தது மறுபடி அடைக்கும் என்றார். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"ஒரு களவு நடந்ததுக்கு எத்தன பேரைய்யா பிடிப்பிய?" என்றேன். "பீடிங்குதிய, சக்கரைங்குதிய, கொழுப்புங்குதிய. எவன் செஞ்சான்னு உறுதியாத் தெரிஞ்சா ஒருத்தன் பேரல்லா சொல்லணும்."

"எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சாங்க, பெரியவரே" என்றார். தாளைத் திருப்பினார். "இன்னொண்ணும் சொல்லணும். இடது காலையும் படம் எடுத்தோம். அதுவும் பாதிக்கு மேல அடைச்சிருக்கு."

தங்கத்தாயின் கை என் தோளை இறுக்கியது. நான் இடது காலைப் பார்த்தேன். அஞ்சு விரலும் சரியாகத்தான் இருந்தன. முடி இல்லை. தோல் பளபளவென்று இருந்தது.

"அது எனக்கு வலிக்கலையே" என்றேன்.

"இன்னும் வலிக்கல" என்றார் டாக்டர்.

வலிக்காத காலில் நோய் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் அதை எப்படி நம்புவது. வலித்த காலைப் பற்றிச் சொன்னதையே நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. தாளை அவர் நீட்டியபடியே இருந்தார். நான் வாங்கவில்லை. தங்கத்தாய் வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எட்டு விரலில் நிற்பது வேறு மாதிரி இருந்தது, தரை கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது போல.

"பெரியவரே, நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"கேட்டுது" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தேன்.